கையெழுத்தும் ஓர் அமானிதம்



படிப்பை முடித்த மகன் முதன்முதலாக வேலைக்குப் புறப்படும் நாளில் நம் இல்லங்களில் நடப்பது என்ன? தாய் யாசீன் ஓதி ஊதி அனுப்புகிறாள். தந்தை அருகே அழைத்து அறிவுரை கூறுகிறார். "நேரத்தோடு போய்ச் சேர். பெரியவர்களுக்கு மரியாதை கொடு. சொன்ன வேலையைச் சுணங்காமல் செய். அங்கே எதைப் பார்த்தாலும் கண்டும் காணாததுமாக இருந்துவிடு!" இந்த நான்கில் முதல் மூன்றும் பொன்னான மொழிகள். நான்காவது மொழி அப்படிப்பட்டதா? பிள்ளையின் மீதுள்ள பாசத்தால் சொல்லப்படும் அந்த ஒரு சொல், அவனுடைய இம்மைக்கும் மறுமைக்கும் என்ன செய்துவிடுகிறது என்பதை இந்த வெள்ளிக்கிழமையில் சற்றுச் சிந்திப்போம்.

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிவாசல் தூணோரம் தயங்கி நின்று இளைஞர்கள் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று: "ஹஜ்ரத், நான் வேலை செய்யும் இடத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் தவறு செய்கிறார். நானோ புதியவன். என்ன செய்வது?" தொழுகையின் பர்ளுகளையும் நோன்பின் சட்டங்களையும் கேட்பவர்களுக்கு விடை சொல்வது எளிது. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் கேட்பவனின் குடும்பம், அவனுடைய அச்சம், அவன் பட்ட நன்றிக்கடன் ஆகிய எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று மூட்டைகளின் கதை

விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. அதில் பி.காம். முடித்த இளைஞன் ஒருவன் குடோன் கணக்கு எழுதும் வேலையில் சேருகிறான். அவனைச் சேர்த்துவிட்டவர் அங்கே பதினைந்து ஆண்டுகளாகக் கொள்முதல் பார்த்துவரும் பெரியவர். அவனுக்கு மாமா முறை. அதே மஹல்லாவைச் சேர்ந்தவர். இரண்டாவது வாரத்தில் ஒரு லாரி வருகிறது. பில்லில் 50 மூட்டை என்றிருக்கிறது. இறக்கி எண்ணினால் 47 மூட்டைதான். "மாமா, மூன்று குறைகிறதே" என்கிறான் இளைஞன். "50 என்றே போட்டுக் கையெழுத்து வை தம்பி. இதெல்லாம் இங்கே வழக்கம்தான்" என்கிறார் மாமா. மாலையில் அவன் சட்டைப்பையில் ஒரு 500 ரூபாய் நோட்டு செருகப்படுகிறது. "டீ செலவுக்கு வைத்துக்கொள்."

இதன் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஒரு மூட்டை 1,500 ரூபாய் என்றால் மூன்று மூட்டைக்கு 4,500 ரூபாய். அந்தப் பணம் சரக்கு அனுப்பியவருக்கும் மாமாவுக்குமாகப் பங்காகிறது. வாரம் ஒரு லாரி என்றால் ஆண்டுக்கு 2,34,000 ரூபாய் முதலாளியின் கல்லாவிலிருந்து களவு போகிறது. புதியவனுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 26,000 ரூபாய். ஆனால் வரவுச் சீட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து? மாமாவுடையது அன்று, புதியவனுடையது. என்றேனும் ஒரு நாள் இருப்பைச் சரிபார்க்கும்போது, குறைந்த மூட்டைகளுக்கு விடை சொல்ல வேண்டியவன் அவனே. ஒன்பது பங்குக்கு ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு முழுப் பழியையும் சுமக்கின்ற வியாபாரம் இது!

புதியவனைத் தேடி இத்தகைய வேலைகள் வருவதன் காரணமும் இதுதான். அவனுக்கு நடைமுறை தெரியாது. கேள்வி கேட்கத் துணிவு வராது. வேலையில் சேர்த்துவிட்டவரிடம் நன்றியுடையவனாக இருப்பான். ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு அவனே வாய் திறக்க மாட்டான். அந்த 500 ரூபாய் அவனுடைய நாவுக்குப் போடப்படும் பூட்டு.

எழுத்தரும் சாட்சியும்

அருள்மறை குர்ஆனில் மிக நீண்ட திருவசனம் எது தெரியுமா? அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது கூறுவது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றி! கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் இறைவன் அங்கே விரிவாகக் கட்டளையிடுகிறான். கணக்கு எழுதுவது உலகக் காரியம், அதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று எண்ணுகின்ற சகோதரர்கள் அந்த ஒரு வசனத்தின் நீளத்தை எண்ணிப் பார்த்தாலே போதும்.

அதே வசனத்தில் மற்றொரு கட்டளையும் இருக்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்று அது விதிக்கிறது. அடுத்த வசனமோ, சாட்சியத்தை மறைக்கலாகாது என்றும், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்றும் எச்சரிக்கிறது. நம் உதாரணத்தில் வரும் இளைஞன் இந்த இரண்டு நிலைகளிலும் ஒருங்கே நிற்கிறான். பேரேட்டில் பதிவதால் அவன் எழுத்தர். எண்ணிப் பார்த்ததால் அவன் சாட்சி. அவன் இடும் கையெழுத்தின் பொருள், 'நான் என் கண்ணால் கண்டேன், எண்ணினேன், இத்தனை இருந்தன' என்பதே. 47-ஐக் கண்டுவிட்டு 50 என்று கையெழுத்திடுவது பொய்ச்சாட்சி. பெரும் பாவங்களை எண்ணிக் கூறிவந்த பெருமானார் (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியைக் குறிப்பிடும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, மீண்டும் மீண்டும் அதைச் சொன்னார்கள் என்பது ஆதாரப்பூர்வமான நபிமொழி.

ஆகவே புதிதாக வேலையில் சேர்ந்தவனுடைய முதற்கடமை மற்றவரைத் திருத்துவதன்று. தன் கையெழுத்தைக் காத்துக்கொள்வதாகும். கண்டதை எழுது, காணாததை எழுதாதே. எண்ணாத மூட்டைக்கும், வராத நாளின் வருகைப் பதிவுக்கும், செய்யாத பயணத்தின் செலவுச் சீட்டுக்கும், தொகை எழுதப்படாத வெற்று வவுச்சருக்கும் கையெழுத்து இல்லை என்று முதல் நாளே உறுதி கொள். இரண்டாம் நாளில் மறுப்பதைவிட முதல் நாளில் மறுப்பது எளிது.

சிறிதென்று எண்ண வேண்டாம்

"மூன்று மூட்டைதானே! முதலாளிக்கு இது ஒரு பொருட்டா?" என்று ஷைத்தான் காதில் ஓதுவான். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு நடைபெற்ற கைபர்ப் போரை நினைவுகூருங்கள். அதிலிருந்து திரும்பும் வழியில் நபியவர்களின் பணியாளர் மித்அம் என்பவர், எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து உயிர் நீத்தார். அவருக்குச் சுவனம் கிடைத்துவிட்டது என்று தோழர்கள் மகிழ்ந்து கூறினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அப்படியில்லை, பங்கிடப்படுவதற்கு முன் பொதுப்பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள். அதைக் கேட்ட ஒருவர் தாம் எடுத்துவைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஒரு செருப்பு வார்! அதற்கும் கணக்கு உண்டு.

அந்த 500 ரூபாயை "அன்பளிப்பு" என்று பெயரிட்டு வாங்கிக்கொள்ளலாமா? இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். பதவியால் வருவது அன்பளிப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் உண்டோ? இளைஞனே, உன் சட்டைப்பையில் விழும் நோட்டைப் பார்த்து இதே கேள்வியைக் கேள். நீ வீட்டில் இருந்தால் இது வந்திருக்குமா?

நன்றிக்கடன் என்னும் தளை

இனி, இந்தப் பிரச்சினையின் உயிர்நிலைக்கு வருவோம். "அவர்தானே என்னை வேலையில் சேர்த்துவிட்டார்! எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அவரைக் காட்டிக்கொடுப்பது துரோகம் ஆகாதா?" பலருடைய நாவையும் கட்டிப்போடுவது இந்த எண்ணமே, பயம்கூட இதற்கு அடுத்ததுதான்.

நன்றி மறத்தல் பெரும் குற்றமே. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிகளாரின் போதனை. ஆனால் நன்றியை எதனால் செலுத்துவது? உன் கைப்பொருளால் செலுத்து. உன் உழைப்பால் செலுத்து. அவர் நோயுற்றால் ஓடிச்சென்று பணிவிடை செய். அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடு. முதலாளியின் மூட்டையை எடுத்து மாமாவுக்கு நன்றி செலுத்த உனக்கு யார் உரிமை தந்தது? பிறர் பொருளால் செய்யப்படும் நன்றிக்கு மோசடி என்று பெயர்.

உன் சகோதரன் அநீதி இழைத்தவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் அவனுக்கு உதவு என்று ஒருமுறை நபியவர்கள் கூறியபோது, தோழர்கள் வியந்து, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டனர். அவனை அதிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது. மாமாவைத் தடுப்பவனே மாமாவின் உண்மையான மருமகன். மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றைச் சுமந்து வந்தும், பிறர் பொருளை உண்டதால் தம் நன்மைகள் யாவும் உரியவர்களுக்குப் பங்கிடப்பட்டு வெறுங்கையுடன் நிற்பவரே உண்மையான ஏழை என்று பெருமானார் எச்சரித்திருக்கிறார்கள். ஐவேளையும் முதல் வரிசையில் தொழுகின்ற மாமா அந்த நிலைக்கு ஆளாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா நன்றி?

நம்மவர் என்பதற்காகப் பரிந்து பேசுவதும் இஸ்லாத்தில் இல்லை. மதீனாவில் ஒரு கவசம் திருடுபோனது. திருடியவர் முஸ்லிம்களைச் சேர்ந்தவர்; பழியோ ஒரு யூதர்மீது சுமத்தப்பட்டது. குலத்தார் திரண்டு வந்து தம்மவருக்காக வாதாடினர். அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதலானவை இறங்கின என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். மோசடிக்காரர்களுக்காக வாதாடாதீர் என்ற கட்டளையும் யூதரின் குற்றமின்மையும் அதனால் வெளிப்பட்டன. முதலாளி யார், எந்தச் சமயத்தவர் என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டியதில்லை. கி.பி. 622-இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊராரின் அடைக்கலப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பகைவரின் பொருளும் அமானிதமாயிருக்க, சம்பளம் கொடுப்பவரின் பொருள் எவ்வாறிருக்க வேண்டும்?

ஐயமும் உறுதியும்

எனினும் இளமையின் வேகத்தில் இன்னொரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு அங்குள்ள நடைமுறைகள் யாவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குறைந்த மூட்டைகள் மறுநாள் வருவதாக முதலாளியுடன் பேச்சு இருந்திருக்கலாம். ஊழியர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சரக்கு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படலாம். ஒருமுறை கண்டதை வைத்து ஒருவரைத் திருடர் என்று தீர்மானிப்பது அவதூறில் கொண்டுபோய்விடும். அல்ஹுஜுராத் அத்தியாயம், வந்த செய்தியைத் தெளிவாக விசாரிக்குமாறு 6-ஆம் வசனத்தில் பணிக்கிறது. 12-ஆம் வசனத்தில் ஐயங்களை விலக்குமாறும், துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும், புறம் பேசாதிருக்குமாறும் கட்டளையிடுகிறது.

ஆகவே உன் வேலையின் வழியாக உன் கண்முன் வந்ததை மட்டும் குறித்துக்கொள். தேதி, லாரி வந்த நேரம், பில் எண், எண்ணிய மூட்டைகள் ஆகியவற்றை ஒழுங்காக எழுதிவை. மற்றவர் மேசையைத் துழாவாதே. அவர் தொலைபேசியில் பேசுவதை ஒட்டுக் கேட்காதே. அவர் வீட்டில் எப்படி வாழ்கிறார், யாரிடம் கடன் வாங்கினார் என்பவையெல்லாம் உனக்கு வேண்டாதவை. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள குறைகளை மூடி மறைப்பது நற்செயல். பிறர் உரிமை பறிபோகும் இடத்தில் மறைப்பது நற்செயலாகாது. இவ்விரண்டின் எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மென்மையான சொல்

உறுதியானால் அடுத்தது என்ன? தீமையைக் காண்பவர் கையால் தடுக்கட்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்கட்டும் என்ற நபிமொழியை நாம் அறிவோம். கையால் தடுப்பது அதிகாரம் உடையவரின் பொறுப்பு. புதிய ஊழியனுக்கு அந்த அதிகாரம் இல்லை. அவனுக்கு உள்ளது நாவு. அந்த நாவையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு முறை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், தீமையைத் தடுப்பதற்குப் படிகளை வகுத்து, அறியாதவருக்கு அறிவிப்பதையும் இதமாக உபதேசிப்பதையும் முன்வைத்து, கடுமையைப் பின்னுக்கு வைத்துள்ளார்கள். பிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா, ஹாரூன் (அலை) ஆகிய இரு நபிமார்களுக்கும், அவனிடம் மென்மையாகப் பேசுமாறு தாஹா அத்தியாயத்தின் 44-ஆம் வசனத்தில் இறைவன் கூறுகிறான். பிர்அவ்னுக்கே மென்மை என்றால், நம் மாமா அவனைவிடக் கொடியவரா?

எனவே நாலு பேர் முன்னிலையில் வேண்டாம். தனியே, அவர் கோபமில்லாதிருக்கும் வேளையில் சொல்லட்டும்: "மாமா, நீங்கள்தான் என்னை இங்கே சேர்த்துவிட்டீர்கள். அதை என் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன். ஆனால் எண்ணாத மூட்டைக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. 47 என்றுதான் எழுதுவேன். இந்த 500 ரூபாயையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏதேனும் கஷ்டம் இருந்தால் சொல்லுங்கள். முதலாளியிடம் சேர்ந்து போய்க் கேட்போம்." இதில் குற்றச்சாட்டு இல்லை, மிரட்டல் இல்லை, ஆனால் உறுதி இருக்கிறது. மகள் திருமணக் கடனால் தடம் புரண்டவர் சிலர், இவ்வாறு ஒரு சிறுவனின் வாயால் கேட்டுத் திருந்தியும் போகலாம்.

இது புறம் பேசுவதா?

திருந்தாமல் தொடர்ந்தால்? அப்போது பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. "புறம் பேசுவது ஹராம் ஆயிற்றே" என்று சிலர் தயங்குகின்றனர். நம் பகுதியில் பெரும்பாலோர் ஓதிவரும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரும், ஹிஜ்ரி 676-இல் மறைந்தவருமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தம் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், ஒருவரின் குறையை அவரில்லாத இடத்தில் சொல்வதற்கு அனுமதியுள்ள ஆறு இடங்களை எண்ணிக் கூறியுள்ளார்கள். அநீதியை அதிகாரமுடையவரிடம் முறையிடுவது, தீமையைத் தடுப்பதற்கு ஆற்றலுள்ளவரின் உதவியை நாடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். தம் கணவர் அபூஸுப்யான் (ரலி) அவர்களின் கஞ்சத்தனத்தை ஹிந்த் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் எடுத்துரைத்துத் தீர்வு கேட்டதும், நபியவர்கள் அதைக் கண்டிக்காமல் வழி கூறியதும் இதற்குச் சான்று.

ஆனால் இந்த அனுமதி, தடுக்க வல்லவரிடம் சொல்வதற்கு மட்டுமே. தேநீர்க்கடையில் சொன்னால் அது புறம். உறவினர் வீட்டு விருந்தில் சொன்னால் அது புறம். மற்ற ஊழியர்களிடம் கிசுகிசுத்தால் அது கோள். முதலாளியிடமோ மேலாளரிடமோ, கண்டதைக் கண்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் அது சாட்சியம். "மாமா திருடர்" என்று சொல்ல வேண்டியதில்லை. "இன்ன தேதியில் பில்லில் 50, எண்ணியது 47" என்று சொன்னால் போதும். தீர்ப்புச் சொல்வது அவன் வேலையன்று.

மேலே இருப்பவரும் உடந்தையானால்

சில இடங்களில் முதலாளியோ மேலதிகாரியோ அந்தக் குற்றத்தில் பங்காளியாக இருப்பார். "அவர் சொன்னார், நான் செய்தேன்" என்பது இறைவனிடமும் செல்லாது. உலக நீதிமன்றத்திலும் எளிதில் செல்லாது. 2009 ஜனவரியில் வெளிப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடியை நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்து, ஒவ்வொருவருக்கும் 7 ஆண்டுச் சிறை விதித்தது. அவர்களில் நிறுவனத் தலைவர் மட்டுமன்றி, அவருக்குக் கீழே கணக்குப் பிரிவில் பணியாற்றியவர்களும் இருந்தனர். மேல்முறையீட்டின்போது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வெளிவந்தனர் என்றாலும், அதற்கு முன்பே அவர்களுடைய குடும்பங்கள் பட்ட துன்பத்தை யார் அளப்பது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவும், மோசடி எண்ணத்துடன் கணக்கைப் பொய்யாக்கும் எழுத்தருக்கும் பணியாளுக்கும் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. சம்பளம் எவ்வளவு, அனுபவம் எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை.

அரசு அலுவலகமாயின், 1964 முதல் இயங்கிவரும் தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நடைபெறும் ஊழலைப் பற்றி, பெயர் வெளிப்படாத வகையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் தெரிவிக்க 2004-ஆம் ஆண்டுத் தீர்மானம் வழி செய்தது. பங்குச்சந்தையில் இடம்பெற்றுள்ள நிறுவனங்கள், ஊழியர் முறையிடுவதற்கு ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் கூறுகிறது. பெயரை மறைக்கும் அந்த 2004 தீர்மானம் சும்மா வரவில்லை. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டும் அது காக்கப்படவில்லை. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்ற திருமறைக் கட்டளையின் அருமை இத்தகைய நிகழ்வுகளால் விளங்குகிறது.

ஆகையால் ஆபத்தை எண்ணாமல் பாய்ந்துவிடு என்று எந்த இளைஞனுக்கும் நாம் சொல்ல மாட்டோம். உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் என்ற அச்சம் இருந்தால் தடுக்கும் கடமை தளர்ந்துவிடும் என்றே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். அனுபவமுள்ள பெரியவரிடமோ வழக்கறிஞரிடமோ கலந்துகொள்ளட்டும். ஆனால் மற்றவரைத் தடுக்கும் கடமை தளர்ந்தாலும், தான் கலந்துகொள்ளாமலிருக்கும் கடமை தளர்வதில்லை. நன்மையில் ஒருவருக்கொருவர் துணை நிற்குமாறும், பாவத்தில் துணை நிற்காதிருக்குமாறும் அல்மாயிதா அத்தியாயத்தின் 2-ஆம் வசனம் பணிக்கிறது. கையெழுத்திட்டால்தான் வேலை என்ற நிலை வந்தால், வேறு வேலை தேடிக்கொண்டு வெளியேறுவதே வழி. அல்லாஹ்வை அஞ்சுபவருக்கு அவன் ஒரு வழியைத் திறப்பான், எதிர்பாராத இடத்திலிருந்து உணவளிப்பான் என்ற வாக்குறுதி அத்தலாக் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த வழி நாளையே திறக்கும் என்று நாம் சொல்லவில்லை. சில மாதங்கள் சோதனையாகக் கழியலாம். அந்த மாதங்களில் அவனைத் தாங்க வேண்டியவர்கள் யார்?

இல்லத்தாரின் பங்கு

இங்கேதான் நம் குடும்பங்களின் பொறுப்பு வருகிறது. தாய்மார்களே! மகன் முதற்சம்பளம் கொண்டுவரும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேளுங்கள்; "மேல் வருமானம் உண்டா?" என்று கேட்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களும் கூச்சமின்றிக் கேட்கின்ற அந்தக் கேள்வி, எத்தனையோ இளைஞர்களைக் கெடுத்திருக்கிறது. சகோதரிகளே! அவனுடைய சம்பளத்துக்கு மேற்பட்ட நகையையும் பண்டத்தையும் கேட்டு அவனை மாமாவின் பங்குக்குத் துரத்தாதீர்கள். தந்தைமார்களே! நேர்மைக்காக வேலையை இழந்து ஒருவன் வீடு திரும்பினால், "பிழைக்கத் தெரியாதவன்" என்று ஏசாதீர்கள். அவன் தட்டில் இன்னுமொரு கரண்டிச் சோற்றைப் போட்டு, "வாப்பா இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் வழியெல்லாம் அஞ்சி அஞ்சி வந்திருப்பான்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேற்றுச் சேர்ந்த பையன் உங்களிடம் நேரில் வந்து பேசுவதற்கு ஒரு வேளையைத் திறந்து வையுங்கள். அவன் சொன்னதை உடனே மூத்தவரை அழைத்து அவன் எதிரிலேயே விசாரித்து அவனைப் பலியாக்காதீர்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளி ஹப்ஸிடம் கொடுத்து, விற்கும்போது குறையைக் காட்டிவிடுமாறு கூறினார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அதை அறிந்த இமாமவர்கள், அதன் மூலம் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தம் கூட்டாளியின் மறதிக்கே இவ்வளவு அஞ்சிய முதலாளியின் கடையில், எந்த ஊழியனாவது மூன்று மூட்டையை மறைக்கத் துணிவானா?

மத்யன் நகருக்குப் புதியவராக வந்த மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், வலிமையும் நம்பிக்கையும் உடையவரே சிறந்த பணியாளர் என்று கூறியதாக அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். அந்த இரண்டும் சேர வேண்டும். நம்பிக்கைக்குரியவனாக இருப்பதற்கே ஒரு வலிமை வேண்டும். "இல்லை மாமா" என்று பணிவோடு சொல்கின்ற வலிமை அது. மகனை வேலைக்கு அனுப்பும்போது, "கண்டும் காணாததுமாக இரு" என்ற சொல்லை விட்டுவிட்டு, "கண்டதை எழுது மகனே, மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அனுப்புவோமாக!

நம் பிள்ளைகளின் கைகளையும் கையெழுத்துகளையும் ஹராமிலிருந்து காத்து, ஹலாலான ரிஜ்கில் பரக்கத்துச் செய்ய வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.